தனிஸ்லாசுக்கு வந்த காமாலை

குக்கர் விசில் அடித்தால்கூட "சொல்லுங்க சார்" என்று எழுந்து நிற்கிற நிலைக்குத் தனிஸ்லாஸ் வந்த பிறகுதான், ரோசா புருஷனை இழுத்துக்கொண்டு கதிர்காமத்தில் ஒரு மனநல டாக்டரிடம் போனாள். கூரியர் ஆபீசில் அவன் சூப்பர்வைசர். பார்சல் தாமதமானால் ஊரே அவனைத்தான் திட்டும். ஊர் ஓய்ந்தால் மேனேஜர் வடிவேல் ஆரம்பிப்பார். மூன்று மாதமாகத் தூக்கம் கிடையாது. டாக்டர் பொறுமையாகக் கேட்டு, மாத்திரை கொடுத்து, வேலையால் வந்த மன அழுத்தம், பத்து நாள் ஓய்வு தேவை என்று சர்டிபிகேட்டும் எழுதினார்.

அந்தக் காகிதத்தை ஆபீசில் நீட்ட யாருக்குத் தைரியம் வரும்? போன வருஷம் ஒருத்தன் நீட்டினான். மண்டைக் கோளாறு என்று பட்டம் கட்டி ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியவர் இதே வடிவேல்தான். ரெண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் வேலை போனால் என்ன ஆவது? தனிஸ்லாஸ் நெல்லித்தோப்பில் தெரிந்த டாக்டர் ஒருவரின் காலைப் பிடித்து, மஞ்சள் காமாலை என்று வேறொரு சர்டிபிகேட் வாங்கி ஆபீசில் கொடுத்தான்.

அடடா, காமாலைக்கு இருக்கிற மரியாதையே தனி! இத்தனை நாள் திட்டிய வாயெல்லாம் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. ஆபீஸ்காரர்கள் ஆளுக்கொரு கட்டு கீழாநெல்லி கொண்டுவந்தார்கள். அவன் அரைத்துக் குடிக்கிறவரை நகரவும் இல்லை. வருகிறவர்கள் கண்ணுக்குப் பயந்து ரோசா எண்ணெயில்லாமல் உப்பில்லாமல் சமைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் வீட்டில் மீன் இல்லை. மனசுக்கு ஓய்வு கேட்டவன் நாக்குச் செத்து உட்கார்ந்திருந்தான்.

ஏழாம் நாள் இளநீரோடு வடிவேலே வந்துவிட்டார். உட்கார்ந்தவர் தனிஸ்லாசின் கண்ணையே உற்றுப் பார்த்தார்.

"கண்ணுல மஞ்சளே இல்லியே, தனிஸ்லாஸ்."

போச்சு, வேலை போச்சு. ஆனால் இனியும் பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை.

"காமால இல்ல சார். மனசுதான் சரியில்ல. மாத்திர சாப்புடுறேன்."

வடிவேல் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"தூக்கம் வருதா?"

"இப்ப வருது சார்."

மேனேஜரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆபீசில் பார்த்த நடுக்கம்தான். கோபத்தில் நடுங்குகிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தான். பாவமாக இருந்தது அவனுக்கு.

"மாத்திர குடுத்த டாக்டர்கிட்ட என்னையும் கூட்டிட்டுப் போ" என்றவர் குரலை இன்னும் இறக்கினார். "சர்டிபிகேட்டுல மட்டும் எனக்கு டைபாய்டுன்னு போடச் சொல்லு. ஒரே ஆபீசுல ரெண்டு காமாலன்னா, மேலிடத்துல தண்ணி டேங்கக் கழுவச் சொல்லுவாங்க."