செண்பகவல்லி வீட்டு நாற்பத்தொரு படி

தாழையடியில் ஒருவர் கோணல் நியாயம் பேசினால், அவர் நிற்கிற இடத்தின் வாசலுக்கு ஒரு படி கூடிவிடும். இடமும் அந்த அளவுக்கு உயர்ந்துகொள்ளும். தெருவிலிருந்து அப்படியே உள்ளே நடந்து போகக்கூடிய வீடுகள் ஊரில் இரண்டே இரண்டுதான். ஒன்றில் ஆள் இல்லை. இன்னொன்றில் இருப்பவர் பேசுவதில்லை.

செண்பகவல்லி வீட்டுக்கு நாற்பத்தொரு படி. அத்தனையும் அவள் கணவர் ஆதிமூலத்தின் வாயால் வந்தவை. ஓய்வுபெற்ற சர்வேயர். மனிதர் தங்கம்தான், நிலம் அளக்கிற சங்கிலியை நேராகப் பிடித்த ஆளுக்கு நியாயத்தை நேராகப் பிடிக்க வரவில்லை, அவ்வளவுதான். செண்பகவல்லிக்கு முட்டி போய்விட்டதால் பதினான்கு மாதமாக அவள் தெருவில் கால் வைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கை உலகம்மாளுக்கும் அதே முட்டி, அம்மா வழிச் சொத்து. தினம் சாயங்காலம் அவள் கீழே நின்று கத்துவாள், இவள் மேலே நின்று கத்துவாள். கூடையில் குழம்பு இறங்கும், ரசம் ஏறும்.

அந்த உலகம்மாள் வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ஸில், வெளியூரிலிருக்கும் மகன் வீட்டோடு தங்கிவிடப் போகிறாள். திரும்பி வருகிற உத்தேசம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் செண்பகவல்லி கணவரை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"தங்கச்சி முகத்தைப் பக்கத்துல பாத்து அனுப்பணும். படியை எடுங்க."

படி எடுக்கிற முறை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேசியவரே அந்தப் படியில் நின்று, தன் பேச்சில் எது கோணல் என்று சொல்ல வேண்டும். சொன்னால் படி போய்விடும். அதற்கு ஏறி இறங்குவதே மேல் என்று ஊரில் யாரும் செய்வதில்லை.

ஆதிமூலம் முதல் படியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"பூனை குறுக்க போச்சு, அன்னைக்கே மோட்டார் எரிஞ்சுது, அதனால பூனைதான் காரணம்னு சொன்னேன். முன்னாடி நடந்ததாலேயே அது காரணம் ஆயிராது."

படி போனது. வீடு அரையடி இறங்கியது. அடுப்பிலிருந்த பால் கொஞ்சம் சிந்தியது.

"டாக்டருக்கே தொப்பை இருக்கு, அவர் சொல்லுத மருந்து எப்படிக் கேக்கும்னேன். தொப்பை அவருக்கு. மருந்து உனக்கு."

அதுவும் போனது. அவர் மூன்றாவது படிக்கு வந்தார்.

"ஒண்ணு என் பேச்சைக் கேளு, இல்லன்னா உங்க அம்மா வீட்டுக்குப் போன்னேன். நடுவுல எத்தனையோ வழி இருந்துச்சு."

செண்பகவல்லி அந்த நாளை மறக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த படியைக் காட்டினாள்.

"ஆனாலும் அந்தப் பூனை..." என்று அவர் இழுத்தார். போன படி திரும்பி வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு படி போனதும், வேறு பேச்சு வராமலிருக்க அவர் வாயில் ஒரு வெல்லக்கட்டியைப் போட்டுவைத்தாள்.

மூன்றரை மணிக்கு எல்லாம் முடிகிற நேரம். கடைசிப் படியில் மனிதர் உடைந்துபோனார்.

"எல்லாமே தப்பா இருந்திருக்கே செண்பகம். அப்ப, பேரு அழகா இருக்கு, உன்னைக் கட்டுனா நல்லா இருப்பேன்னு எங்கப்பாகிட்ட சொன்னேனே, அதுவும் தப்புதான்."

புதிதாக ஒரு படி முளைத்தது.

"சொன்ன காரணம் கோணலா இருந்தா, சொன்ன விஷயமும் பொய் ஆயிருமா? யோசிச்சுப் பேசுங்க."

அவர் யோசித்தார். ஆகாது என்று ஒப்புக்கொண்டார், கடைசிப் படியின் கோணலையும் சொல்லி முடித்தார். இரண்டு படியும் போயின. கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் அவரை அன்றைக்குப் பிடித்த மாதிரி அவளுக்கு என்றைக்கும் பிடித்ததில்லை.

பஸ் ஸ்டாண்டில் உலகம்மாள் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு வாசலருகே நின்றிருந்தாள். அக்காளும் தங்கையும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். தங்கைக்கு முன்னந்தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்பத்தொரு படி உயரத்திலிருந்து அது தெரிந்திருக்கவில்லை.

"ஏட்டி, எதுக்குப் போற?"

"காத்து அங்க நல்லா இருக்காம்க்கா. மருமக சொல்லுதா."

செண்பகவல்லி காலையிலிருந்து கோணல் நியாயம் ஒவ்வொன்றையும் காதால் கேட்டிருந்தாள். எல்லாம் விரல் நுனியில் இருந்தன. பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சோறு வடிக்கத் தெரியாதவ, காத்தைப் பத்திப் பேச வந்துட்டா."

பஸ்ஸுக்கு ஒரு படி கூடியது.

"நீ போறேன்னு சொன்ன அன்னைக்குத்தான் எங்க வீட்டுக் கொடிக்கயிறு அறுந்துச்சு. ஊர்ல ஒருத்தர் விடாம நீ போகக் கூடாதுங்காங்க. இன்னைக்கு மகன் வீடும்ப, நாளைக்கு டெல்லிம்ப, பெறகு என் பேரே மறந்துபோகும். நீ போகக் கூடாது, ஏன்னா நீ போகக் கூடாது."

இதே மாதிரி இன்னும் ஆறு கோணலை மூச்சு விடாமல் அடுக்கினாள். பதினொரு படி ஆயிற்று.

"ஏறுறீங்களா இல்லியாம்மா?" கண்டக்டரின் குரல் மேலேயிருந்து வந்தது.

உலகம்மாள் அண்ணாந்து பார்த்தாள். பதினொன்றுதான், கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறிவிடலாம். ஒரு காலை முதல் படியில் வைத்தாள். சொல்ல செண்பகவல்லியிடம் வேறு கோணல் மிச்சமில்லை.

உலகம்மாள் திரும்பினாள்.

"யக்கா, நீ மூத்தவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பன்னிரண்டாவது படி வந்தது. அவள் காலை எடுத்துக்கொண்டாள்.

கண்டக்டர் பெட்டியைக் கயிற்றில் இறக்கிக் கொடுத்தார். பஸ் அந்த உயரத்திலேயே கிளம்பியது. அதற்கு அடியில் ஒரு பால் வண்டியும் இரண்டு சைக்கிளும் எதிரே வந்தன. தலைக்கு மேலே பஸ் போய் முடிகிறவரை இருவரும் நின்று, பிறகு சாலையைக் கடந்தார்கள்.