மாலை போட ஒரு படம்

அலையைப் படம் பிடிக்கச் சொல்கிறவன் எவனும் கடற்கரைக் காற்றில் கேமராவை நிறுத்திப் பார்த்ததில்லை. நாடு சுதந்திரம் அடைந்த மெர்டேக்கா வருஷத்துக் காலண்டருக்காகக் காஜா பெராங்கில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கும் தஞ்சோங் துவான் கடல்முனைக்கும் நாயாய் அலைந்தேன். இங்கே எல்லோரும் ரூமா ஆப்பி என்கிற கலங்கரை விளக்கம் சரியாக விழுந்தால் அலை மங்கிவிடும். அலை சரியாக விழுந்தால் கண்ணில் மணல். அலுத்துப்போயிற்று.

கூட வந்தவன் மருதமுத்து, பக்கத்து வீட்டுக்காரன். காற்றில் கேமரா சாயாமல் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான். கேமராவுக்கு முன்னால் மட்டும் வரமாட்டான். படம் பிடித்தால் ஆயுசு குறையுமாம். "எமனுக்கு அடையாளம் காட்டிக் குடுக்கவா அண்ணே?" என்பான். எமனுக்கு அடையாளம் தேவைப்படவில்லை. காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

கருமாதிக்கு முந்தின நாள் அவன் மனைவி பாக்கியலட்சுமி ஸ்டூடியோவுக்கு வந்தாள். துக்க வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாதவள்.

"மாலை போட ஒரு படம் இல்லண்ணே. ரூமா ஆப்பிக்கு அத்தன தடவ கூட்டிட்டுப் போனீங்களே, ஒரு மூலையிலயாச்சும் இருக்கமாட்டாரா?"

இருக்கமாட்டான் என்று சொன்னேன். அவள் போகவில்லை. கழித்துப்போட்ட படங்களையெல்லாம் மேசையில் கொட்டினேன். அலை, விளக்கம், மறுபடியும் அலை.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. சாயங்கால வெயிலில், கடலுக்கு முதுகைக் காட்டி, மேட்டிலிருந்த விளக்கத்தைப் பிடித்த படம். மணலில் எங்கள் நிழல் நீளமாக விழுந்து கெட்டுப்போனது. கேமராவுக்குள் குனிந்தபடி நான், ஸ்டாண்டைக் கட்டிக்கொண்டு முண்டாசோடு அவன்.

அவள் விரல் நேராக முண்டாசில் போய் நின்றது. "ஓடி ஓடி ஒளிஞ்சாரு. நெழலு மாட்டிக்கிச்சு." சிரித்தாள், பிறகு அழுதாள்.

என் நிழலை வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அவன் கை என் நிழலுக்குள் புகுந்திருந்தது. என்னை வெட்டினால் அவன் தோள் போய்விடும்.

அவளும் கவனித்துவிட்டாள். "வேணாண்ணே. உசுரோட இருக்கறவங்க படத்துக்கு மாலை போடக்கூடாது." படத்தை என் பக்கம் தள்ளினாள்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது, நான் பிள்ளைகுட்டிக்காரன். ஆனாலும் அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, மறுநாள் நானே கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினேன். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தயங்கினாள்.

"போடும்மா," என்றேன். "அந்தக் காத்துல அவன் ஒருத்தனா எப்படி நிப்பான்?"