தோல் பொருட்களை இங்கே வைக்கவும்

வங்கி ஊழியர் ஒருவர் அந்த உணவுக்கடையின் கவுண்டர் முன்னால் திகைத்து நின்றார். தட்டில் சூப்பும் ரொட்டியும் ஆவி பறக்கத் தயாராக இருந்தன. அதை மேசைக்கு எடுத்துப் போக இரண்டு கை வேண்டும். அவருக்கு அப்போது ஒரு கைதான் இருந்தது. மற்றொரு கை கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவருடைய பெல்ட் வாசல் அலமாரியில் சுருண்டு கிடந்தது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த கடைக்காரியின் கணவர் நிலைமையைப் புரிந்துகொண்டு, சிரிப்பை அடக்கியபடி வந்து தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரி சிரிக்கவில்லை. விதி என்றால் விதிதான் அவளுக்கு.

அது இறைச்சி, முட்டை, பால், தேன் எதுவும் சேர்க்காத கடை. அவள் முன்பு ஒரு பால் பண்ணை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். கன்றைப் பிரித்துக் கொண்டுபோன பிறகு ஒரு மாடு மூன்று நாள் விடாமல் கத்தியதைக் கேட்டவள். நான்காம் நாள் வேலையை விட்டாள். அந்தக் குரலுக்குச் சொன்ன பதில்தான் இந்தக் கடை. அந்த மனசை நாம் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் சாப்பிட வந்த ஒருவர், "பால் கூடாதுங்கறீங்க, தோல் செருப்பு மட்டும் உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கடைக்காரியின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. மறு வாரமே வாசலில் அலமாரி வந்தது. 'தோல் பொருட்களை இங்கே வைக்கவும்' என்று மேலே அறிவிப்பு. செருப்பைக் கழற்றுபவர்களுக்கு உள்ளே போட்டுக்கொள்ள ரப்பர் செருப்பு. அதிலிருந்து மதிய நேரத்தில் பாதி மேசை காலியாகத்தான் கிடந்தது. இப்படியே போனால் வருஷக் கடைசிக்குள் கடையை மூட வேண்டியதுதான் என்று கணவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கொள்கைக்கு வந்த சோதனை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வங்கி ஊழியர் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது, கடையைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"பின்னாடி தெரு தையல்காரம்மா சொன்னாங்க. இதே மாதிரி இடுப்பு லூசா இருக்கற இன்னொரு பேண்ட்ட குடுக்கப் போனேன். நாளைக்கு வாங்க, போற வழியில அந்தக் கடையில சூப் குடிச்சிட்டுப் போங்கன்னாங்க. அவங்ககிட்ட வர்ற எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றாங்க."

கடைக்காரிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தையல்காரம்மாதான் இந்தக் கடையின் முதல் வாடிக்கையாளர். திறந்த அன்று மதியம் வரை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அப்போது தரையைத் தொடும் பாவாடையோடு, லேசாகச் சாய்ந்து நடந்து வந்து, சூப் வாங்கிக் குடித்து, இன்னொரு கிண்ணமும் கேட்டவர் அவர். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வந்துகொண்டிருந்தார். அலமாரி வந்த அன்றும் வந்தார். "செருப்ப அங்க வெச்சிட்டு வாங்கக்கா, ரப்பர் செருப்பு தர்றேன்" என்று இவள் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவசர வேலை இருக்கிறது என்று வாசலோடு திரும்பியவர்தான். அவருக்கு நம் சாப்பாடு அலுத்துவிட்டது என்று இவள் முடிவு கட்டியிருந்தாள்.

அன்று மதியக் கூட்டம் ஓய்ந்ததும் ஒரு தூக்கில் சூப்பை ஊற்றிக்கொண்டு பின்தெருவுக்குப் போனாள். தையல்காரம்மா இயந்திரத்தின் முன் அமர்ந்து வங்கி ஊழியரின் இன்னொரு கால்சட்டைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தார். பாவாடை சற்று ஒதுங்கியிருந்தது. மிதிகட்டை மேல் இருந்த இடது காலை அப்போதுதான் கடைக்காரி முதல் முறையாகப் பார்த்தாள். கணுக்காலுக்கு மேல் வரை ஏறிய தோல் பூட்ஸ். குட்டையான அந்தக் காலை ஈடுகட்ட, அடிப்பாகம் மட்டும் நான்கு விரற்கடை உயரம். அது இல்லாமல் அவரால் ஓரடி எடுத்து வைக்க முடியாது.

தூக்கைக் கீழே வைத்த கடைக்காரியின் பார்வை அந்தப் பூட்ஸிலேயே நின்றது. தையல்காரம்மாதான் பேசினார்.

"ரப்பர்ல செஞ்சு பாத்தோம்மா, கால் புண்ணாயிடுச்சு. இத உங்க அலமாரியில வெச்சா நானும் அதுக்குப் பக்கத்துலயே நிக்கணும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா. உங்கள விட்டிருப்பேனே."

"விட்டிருப்பீங்க. எல்லாரும் கழட்டி வெச்சிட்டு உக்காந்திருக்கற எடத்துல, பூட்ஸோட உள்ள வர்ற ஒரே ஆளா நான் இருந்திருப்பேன். அது வேணாம்னு தோணுச்சு."

அப்புறம் ஏன் இத்தனை பேரை எங்களிடம் அனுப்பினீர்கள் என்று கடைக்காரி கேட்டாள். தையல்காரம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கோவம் வாசல் மேலதாம்மா, சூப் மேல இல்லியே. எங்க வீட்ல கறி சமைப்போம், நான் ஒளிச்சுப் பேசல. ஆனா வாரத்துல உங்க கடைக்கு வந்த அந்த மூணு நாளும் நான் கறி தொடல. இந்த ரெண்டு மாசமா தொடறேன்."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் கடைக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. தன் அலமாரி எந்த மாட்டையும் காப்பாற்றவில்லை என்பது அவளுக்கு அங்கேதான் உறைத்தது. வெட்கமும் நன்றியுமாகக் கண் கலங்கியது. தன்னைத் திருப்பி அனுப்பிய கடைக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருந்த அந்த மனுஷிக்குத் தூக்கைத் திறந்து சூப்பை ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அலமாரி கடையின் பின்கட்டுக்குப் போனது. கணவர் அதில் கேரட்டை அடுக்கிக்கொண்டார். அது இப்போதுதான் உருப்படியான வேலை பார்க்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமலும் இல்லை. அறிவிப்பு இருந்த இடத்தில் கடைக்காரி 'வாங்க, வந்ததுக்கு நன்றி' என்று எழுதி ஒட்டினாள்.

தையல்காரம்மா மதியம் வந்தார். பூட்ஸ் சத்தம் தரையில் நன்றாகவே கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த வங்கி ஊழியர், பெல்ட் இறுக்கமாக இருக்கும் தைரியத்தில், அவருடைய தட்டையும் சேர்த்து வாங்கிப் போய் மேசையில் வைத்தார்.

"அப்ப உங்க கொள்கை என்னம்மா ஆச்சு?" என்று தையல்காரம்மா மெல்லக் கேட்டார்.

"அது அடுப்படியில அப்படியே இருக்குக்கா. ஒரு சொட்டு பால் உள்ள வராது. ஆனா வாசல்ல காவல் நிக்கறது கொள்கையோட வேலை இல்ல, வர்றவங்களுக்கு நன்றி சொல்றதுதான் அங்க வேலை. இத்தன நாளா வர்றவங்க கால்ல என்ன போட்டிருக்காங்கன்னுதான் பாத்தேன். நீங்க இந்தக் காலோட எங்க கடைக்கு நடந்து வந்தீங்களே, அதப் பாக்கத் தெரியாம போயிட்டேன்."