மயிலின் அளவு

அரியரத்தினம் ஒரு கையில் மட்டன் றோலும் மறுகையில் போனுமாகக் கடைக்குள் நுழைந்தபோதே துஷாந்திக்கு உடம்பு கூசியது. மனிதர் குளித்து, சென்ட் அடித்துத்தான் வந்திருந்தார். ஆனால் சில பேர்மேல் அருவருப்பு வருவதற்கு நாற்றம் தேவையில்லை.

பாரிஸ் லா சப்பலில் சிவமணியின் ஸ்டிக்கர் கடையைத் தெரியாத தமிழர் குறைவு. கடைப் பெயர்ப்பலகை, கல்யாண மண்டபத்து எழுத்துகள், வான் கதவில் ஒட்டும் போன் இலக்கம், எல்லாம் அங்கேதான் வெட்டப்படும். வெட்டுவது மெஷின். எங்கே வெட்ட வேண்டும் என்று கணினியில் கோடு கீறி அதற்குச் சொல்லிக்கொடுப்பது துஷாந்தி.

அரியரத்தினம் யாரென்றும் சொல்லிவிட வேண்டும். ஒபர்வில்லியேயில் பெரிய சாமான் களஞ்சியம், மார்க்ஸ் டோர்மோய்ப் பக்கம் பலசரக்குக் கடைகள், எல்லாவற்றுக்கும் ஒரே சின்னம்: தோகை விரித்த மயில். அதோடு ஊரில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்துக்குப் பாரிஸ் கிளைத் தலைவர். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் எட்டாம் வகுப்பைத் தாண்டியதாக யாருக்கும் ஞாபகமில்லை. தலைவராவதற்கு அது ஒரு தடையாகவும் இருக்கவில்லை.

2016இல் அந்தச் சங்கம் ஒரு நினைவுப் பலகை செய்ய முடிவெடுத்தது. யுத்தத்தில் செத்துப்போன பழைய மாணவர்களின் பெயர்கள், வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில். அதில் ஒரு பெயர் லவன். துஷாந்தியின் தம்பி.

லவன் யுத்தம் முடிந்த 2009 வைகாசிக்குப் பிறகு வரவில்லை. செத்ததைக் கண்டவர் இல்லை, உடலும் இல்லை. அம்மா தில்லைநாயகி ஏழு வருடமாக அவனுடைய படத்துக்கு ஒரு பூ வைக்க விடவில்லை. வைத்தால் செத்துப்போனான் என்றாகிவிடும். அப்படிப்பட்ட மனுசி, சங்கத்து ஆட்கள் வில்லியே லே பெல்லில் உள்ள வீட்டுக்குப் பெயர் கேட்டு வந்த அன்று, படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எழுதுங்கோ" என்றாள். அவர்கள் போன பிறகு மகளிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"நீதானே வெட்டப்போறாய். என்ரை கண்ணுக்குத் தெரியிற மாதிரி வெட்டு பிள்ளை. அவன்ரை பேரை நான் வாசிக்கோணும். மற்றவை வாசிச்சுச் சொல்லி நான் கேக்கக் கூடாது."

அம்மாவின் நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம், கண்ணுக்குள் இறங்கியிருந்தது. பஸ்ஸின் இலக்கத்தைக்கூடப் பஸ் முன்னால் வந்து நின்ற பிறகுதான் வாசிப்பாள். அதனால் துஷாந்தி பெயர்களை நாலு விரல் உயரத்தில் அமைத்து, பலகையைத் திறக்கும் விழாவுக்குச் சாமான் தந்து உதவுகிற கடை என்பதற்காக மயிலைக் கீழ் மூலையில் ஒரு தீப்பெட்டி அளவில் வைத்திருந்தாள். அதைப் பார்க்கத்தான் தலைவர் றோலோடு வந்திருந்தார்.

"மயில் எங்கை பிள்ளை?"

"இஞ்சை, கீழை."

"உதென்ன, நுளம்பு மாதிரி! பெருப்பி."

அவள் மயிலைத் தெரிவுசெய்து மூலையைப் பிடித்து இழுத்தாள். மயில் வளர்ந்தது. இடம் போதாமல் பெயர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்துச் சுருக்க வேண்டியிருந்தது. "இன்னும்" என்றார். இன்னும் இழுத்தாள். "காணாது, இன்னும்." றோலைச் சப்பிக்கொண்டே திரைக்குக் கிட்டக் குனிந்தார். தூள் விசைப்பலகையில் கொட்டியது. "இந்தா, இதுமட்டும் தோகையை விடு" என்று எண்ணெய் விரலால் திரையில் ஒரு கோடு இழுத்தார். கோடு பெயர்களுக்கு மேலால் போனது.

அந்த விரலைப் பிடித்து மெஷினுக்குள் வைத்தால் என்ன என்று துஷாந்திக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாகவே சொன்னாள்.

"அண்ணை, இதுக்கு மேலை சின்னனாக்கினால் எழுத்தை வெட்ட ஏலாது. கத்தி திரும்ப இடமில்லை. சுழியெல்லாம் பிஞ்சு போகும். மிச்ச ஸ்டிக்கரைச் சாமணத்தாலை உரிக்கேக்கை எழுத்தும் சேர்ந்து வந்திடும்."

"பிஞ்சால் பிய்யட்டும். செத்தவங்களே எழும்பி வந்து வாசிக்கப்போறாங்கள்? உயிரோடை இருக்கிறவன் பார்க்க வேண்டியது மயிலை. மண்டபம் பிடிச்சது ஆர்? சாப்பாடு ஆர்?"

முன் மேசையில் இருந்த சிவமணி கேட்டும் கேளாதவர் போல ஸ்டிக்கர் சுருளில் இல்லாத தூசியைத் தட்டினார். சிவமணி நல்ல மனிதர்தான், பெரிய வாடிக்கையாளர்கள் கடைக்குள் நிற்கும் நேரம் தவிர.

எழுத்து எந்த இடத்தில் பிய்யும் என்று காட்டியாவது பார்ப்போமென்று அவள் மவுஸின் சில்லை உருட்டினாள். அம்பு தம்பியின் பெயரில் நின்றது. லவன் வளர்ந்து வளர்ந்து திரை முழுவதையும் நிரப்பினான்.

"பாரன்! நல்ல பெருசாய்த்தானே கிடக்கு!" என்றார் அரியரத்தினம். "சும்மா கதை விடுறாய். பேருக்கு உந்தளவு போதும்."

துஷாந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். மனிதர் பகிடி விடவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எல்லோரும் விடுகிற பிழைதான் அது. பழகிய முதல் வாரத்தில் அவளும் ஓர் எழுத்தைத் திரை நிறையக் கண்டு மகிழ்ந்து மெஷினுக்கு அனுப்ப, அது நகம் அளவில் வந்து விழுந்தது. படத்தைப் பிடித்து இழுத்தால் படம் வளரும். சில்லை உருட்டினால் படம் வளராது, பார்க்கிறவர் கிட்டப் போகிறார், அவ்வளவுதான். கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டு போனால் மூக்கு வளர்ந்துவிடுமா? இத்தனை கடை நடத்துகிறவருக்கு இது பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. வெங்காயம் அழுகிப்போனது பற்றி யாரையோ திட்டியபடி வாசலுக்குப் போனார். அவள் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் எடுத்தாள். பெயர்கள் பழைய உயரத்துக்கு வந்தன, மயில் தீப்பெட்டிக்குள் அடங்கியது. பிறகு அம்பை மயிலின்மேல் வைத்துச் சில்லை உருட்டினாள்.

"வாங்கோ அண்ணை, மயில் சரி" என்றாள். தன் குரலில் வழிந்த தேனை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

தோகை திரையின் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு நின்றது. பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர்களைப் பார்த்துக் கலங்காத கண்.

"ஆ! இதெல்லோ மயில்! இனி ஒண்டையும் மாத்தாதை. இப்பிடியே வெட்டு."

திரையைப் போனில் படமெடுத்து, அங்கேயே நின்று நாலைந்து பேருக்கு அனுப்பினார். பெயர்கள் எங்கே போயின என்று கேட்கவேயில்லை. றோல் சுற்றிய எண்ணெய்த் தாளை அவளுடைய மேசையில் விட்டுவிட்டுப் போனார்.

வெட்டி ஒட்டி முடிந்த பலகையைக் கண்டதும் சிவமணிக்குத் திக்கென்றது.

"பிள்ளை, மயில்?"

"அவர் பார்த்துச் சரியெண்டவர். படமும் எடுத்தவர்."

சிவமணி அவளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பயம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். "திறப்பு விழா அண்டைக்கு எனக்குத் தலையிடி வரும்போலை கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு, பலகையைத் தானே துணியால் மூடிக் கட்டினார்.

ஒபர்வில்லியேயில் எடுத்த மண்டபம் நிரம்பியிருந்தது. அம்மாவை முன்வரிசையில் இருத்தி, துஷாந்தி பக்கத்தில் இருந்தாள். தலைவர் கத்துவார், வேலை போகும், சபைக்கு நடுவில் அவமானப்படுத்துவார். எல்லாவற்றுக்கும் மனதைத் தயார்படுத்திக்கொண்டுதான் வந்திருந்தாள். அம்மா வாசித்து முடிப்பதற்குள் பலகையைத் தூக்கிவிடுவார்களோ என்பது மட்டும்தான் பயம்.

அரியரத்தினம் துணியை இழுத்தார். பெயர்கள் கறுப்பாக, பெரிதாக நின்றன. மண்டபத்தில் எல்லோரும் பெயர்களை வாசித்தார்கள். பின்னால் யாரோ ஒரு பெண் விம்மினாள். தலைவரின் கண் மட்டும் பலகையில் மேலும் கீழுமாக அலைந்தது. கீழ் மூலையில் தேடியதைக் கண்டதும் முகம் கறுத்தது. கூட்டத்துக்குள் துஷாந்தியைத் தேடிப் பிடித்து முறைத்தார்.

அப்போது யாரோ கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றார், பிறகு எல்லோரும் எழுந்தார்கள். அந்தக் கைதட்டலுக்குள் மனிதரின் முகம் மாறியதைத் துஷாந்தி தன் கண்ணால் கண்டாள். அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பாருங்கோ, என்ரை கடைச் சின்னத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவிலைதான் போடச் சொன்னனான். வெட்டுற பிள்ளை பெருசாய்ப் போடுவம் எண்டுதான் நிண்டவ. நான் விடேல்லை. இந்தப் பிள்ளையளுக்கு முன்னாலை நாங்கள் ஆர்?"

குரல் தழுதழுத்தது. லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். துஷாந்திக்கு உடம்பெல்லாம் புழு ஊர்வது போலிருந்தது. அவர் கத்தியிருந்தால், பலகையை உதைத்திருந்தால், அவரையும் ஒரு மனிதனாகக் கணக்கில் எடுத்திருப்பாள்.

"லவன்" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அம்மா கதிரையில் இருந்தபடியே வாசித்துவிட்டாள். "தெரியுது பிள்ளை. வடிவாய்த் தெரியுது." ஏழு வருடமாக அடக்கி வைத்த அழுகையை அங்கே அழுது தீர்த்தாள். முகத்தைத் துடைத்தபோது அதில் ஓர் ஆறுதல் இருந்தது. துஷாந்தி இந்த நாட்டில் ஒருநாளும் காணாத ஆறுதல்.

"என்னை அந்த மைக்கிலை கதைச்ச தம்பியிட்டைக் கூட்டிக்கொண்டு போ."

"அம்மா, வேண்டாம்."

"கூட்டிக்கொண்டு போ எண்டுறன்."

கூட்டிக்கொண்டு போனாள். அம்மா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்கள் நல்லாயிருக்கோணும் தம்பி. இந்த மனசு ஆருக்கு வரும்? என்ரை லவனை நான் வாசிச்சிட்டன்."

"லவனே? அவன் எனக்கும் தம்பிதான் அம்மா" என்று அவர் அந்தக் கைகளைப் பொத்திப் பிடித்தார்.

ஒரு வசனம் போதும். உன் மகனைப் பிய்த்து எறியச் சொன்ன ஆள் இவன்தான் அம்மா என்று ஒரே ஒரு வசனம். சொன்னால் அம்மாவின் முகத்தில் இப்போது இருப்பது போய்விடும். அது அவருக்கும் விளங்கியிருந்தது. அவசரப்படாமல், சிரித்துக்கொண்டு, துஷாந்தியின் வாயையே பார்த்தபடி நின்றார்.

"என்ன விறைச்சுப்போய் நிக்கிறாய்? நன்றி சொல்லு பிள்ளை" என்றாள் அம்மா.

"நன்றி அண்ணை" என்றாள் துஷாந்தி.

"அது எங்கடை கடமை தங்கச்சி" என்று அரியரத்தினம் எல்லோரும் பார்க்க அவளுடைய தலையைத் தடவிவிட்டார்.