சான்ஸ்: நாலு பொருளும் மெஹபூப் பாஷாவும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'சான்ஸ்' என்ற ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் பொருளையும் பயன்பாட்டையும் விளக்கி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். வாய்ப்பு, சாத்தியம், தற்செயல், துணிந்து இறங்குதல் என நாலு பொருள். எடுத்துக்காட்டு தேடப்போன இடத்தில், திருத்தணியில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் மெஹபூப் பாஷா உள்ளே நுழைந்துவிட்டார். அப்புறம் பக்கமாவது ஒன்றாவது.

2

முதல் தொடக்கம்: 'மலைமேல் மேகம் கவிந்திருந்த ஒரு காலையில்...' வேண்டாம். மேகத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இரண்டாவது: பாஷாவின் மகள் ஆலிமாவுக்கு எல்.கே.ஜி.யில் இடம் வேண்டும். அந்தப் பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோரைத்தான் குடைவார்கள், அதுவும் ஆங்கிலத்தில். (இது தேவலாம், இருக்கட்டும்.) அதற்காகவே புருஷனும் பெண்டாட்டியும் லோயிஸ் டீச்சரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பதில் சொன்னவர் சும்மா உட்காரக் கூடாது, 'அண்ட் யூ?' என்று அதே கேள்வியைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். அப்போதுதான் எல்லார் வாயும் திறக்கும் என்பது டீச்சரின் கட்சி.

3

(பாஷாவின் மனைவி தில்ஷாத் விஷயத்தில்தான் எனக்குச் சிக்கல். அவளுக்குப் புருஷனைவிட ஆங்கிலம் நன்றாக வரும். அவளே பேசிவிட்டால் கதை ஏது? ஆகவே குழந்தையை அழவிட்டேன். பாவம்தான், என்ன செய்ய?)

தலைமையாசிரியை கௌரியம்மாளின் அறைக்குள் கால் வைத்ததுமே ஆலிமா வீறிட்டாள். தில்ஷாத் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குக் கிளம்பினாள்.

"கிளாஸ்ல கத்துக்கினத அப்படியே சொல்லுங்க. சொந்தமா எதுவும் வோணாம்" என்று புருஷன் காதில் போட்டுவிட்டுப் போனாள்.

4

மகளை என்னவாக்கப் போகிறீர்கள் என்று கௌரியம்மாள் ஆங்கிலத்தில் கேட்டார்.

"டாக்டர், மேடம். ப்ளீஸ் கிவ் ஹெர் எ சான்ஸ்" என்றார் பாஷா. பிழையே இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். பழக்கம் விடுமா? "அண்ட் யூ, மேடம்?"

[இங்கே மின்விசிறி நின்றது என்று எழுதி அடித்துவிட்டேன். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.]

கௌரியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். பிள்ளையின் தலையில் நாமே மண்ணைப் போட்டுவிட்டோம் என்று பாஷாவுக்குத் தோன்றியது.

"எனக்கும் ஒரே பொண்ணுதான்" என்றார் கௌரியம்மாள், தமிழில். "டாக்டருக்குத்தான் படிக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். படிச்சா. இப்ப எங்கூடப் பேசறதில்ல."

இதற்கு வகுப்பில் பதில் சொல்லித் தரவில்லை.

"ஒரு போன் போடுங்க மேடம். எடுக்க சான்ஸ் இருக்குது" என்றார் பாஷா.

"எடுக்கலன்னா?"

"நாளைக்கும் போடுங்க."

5

இடம் கிடைத்தது என்று ஒரு முடிவு எழுதினேன். தேன் வழிந்தது. கேள்விக்குக் கேள்வி கேட்டவருக்கு இடமில்லை என்று இன்னொன்று எழுதினேன். என் ஸ்கூட்டரைப் பார்ப்பது பாஷாதான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கடைக்குப் போவேன்? கௌரியம்மாள் பேனாவைத் திறப்பதோடு நான் விலகிக்கொள்கிறேன்.

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இல்லை என்றுதான் எழுதுவீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அறைக்கதவையே பார்த்தபடி நிற்கும் தில்ஷாத்திடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். தமிழில் சொன்னாலே போதும்.