ஆறே வாரம்

மூளையைப் படம் பிடிக்கிற ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டாங்கன்னு தையல்காரி நானும் போனேன். ஆறு வாரம் பின்னம் சொல்லிக்கொடுத்தாங்க. முன்னாடி எடுத்த படத்தையும் இப்ப எடுத்ததையும் டாக்டரம்மா காட்டினாங்க. "பின்னத்தைப் பார்த்தா சும்மா கிடந்த இடம் இப்ப வேலை செய்யுது பாருங்க!"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆறே வாரமா? பின்னத்துல முட்டை வாங்கினேன்னு, "இவ மண்டையில களிமண்ணுதான் இருக்கு"ன்னு சொல்லி, அஞ்சாவதோட என் படிப்பை நிறுத்தவெச்சது என் அண்ணன்.

படத்தைக் கேட்டு வாங்கிக்கிட்டு, நேரா அவன் பெயிண்ட் கடைக்குப் போய் மேசையில வீசினேன்.

"மூணுல ஒரு பங்கு பெரிசா, நாலுல ஒரு பங்கு பெரிசா? சொல்லு!"

"இதெல்லாம் ஒரு கேள்வியா? நாலுதான் பெரிசு"ன்னு சிரிச்சான்.

இந்த மண்டை சொன்னதையா நான் முப்பது வருஷம் நம்பினேன்?