வெள்ளித்தாள் கோப்பி

உருத்திரபுரத்தில் நேசமலரின் கோப்பித்தூளுக்கு ஒரு காலத்தில் போட்டியே இருக்கவில்லை. கொட்டையைப் பதமாக வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் சேர்த்து இடித்து, பழைய பேப்பரில் சரையாகச் சுற்றி வீரகத்தியின் கடையில் கொடுப்பாள். வயலுக்குப் போகிறவர்கள் வழியில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அடுத்த காணிக்காரி இராசேஸ்வரிக்குக் கோப்பி வறுக்கப் பழக்கியதும் அவள்தான். அது தனக்கே வினையாகும் என்று அப்போது நினைக்கவில்லை. இராசேஸ்வரியின் தமையன் நடராசாவுக்குக் கொழும்பில் ஒரு தேயிலைக் களஞ்சியத்தில் வேலை. தேயிலைப் பெட்டிகளுக்குள் விரிக்கிற அலுமினியத் தாளில் ஒரு கட்டு வாங்கிவந்து தங்கையிடம் கொடுத்தான். அவள் அதை அளவாக வெட்டி, தூளை வைத்து, ஓரங்களை இரண்டு தரம் மடித்து அழுத்தி, மேலே தன் பெயர் அச்சடித்த சிவப்புத் துண்டை ஒட்டினாள்.

எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் கடையில் அந்த வெள்ளித்தாளைக் கைகாட்டிக் கேட்டார்கள். மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாலும் மணம் ஏறவில்லை, மழைக்கும் கட்டிபடவில்லை என்று வீரகத்தி வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். நேசமலரின் சரைகளோ ஐப்பசி மழை தொடங்கியதுமே நமுத்துப்போயின.

"மினுக்கம்தான் விக்குது, தூளில்லை" என்று புருஷன் ஏரம்புவிடம் புறுபுறுத்தாள். நீயும் அவளிடம் கேட்டு அந்தத் தாளில் சுற்றலாமே என்றான் அவன். அன்று முழுக்க அவனோடு அவள் கதைக்கவில்லை. அடுத்த காணியில் உலக்கைச் சத்தம் கேட்டாலே வயிறு எரிந்தது.

குறை பிடிக்கவென்றே ஆள்விட்டு ஒரு வெள்ளித்தாள் சரை வாங்கினாள். மாதம் ஒன்று கழிந்த தூள் அது. பிரித்ததும் அப்போதுதான் இடித்ததுபோல் மணம் முகத்தில் அடித்தது. அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. மறுநாள் வீரகத்தி உள்ளே அரிசி அளக்கப் போன நேரம், கொண்டை ஊசியால் இராசேஸ்வரியின் சரைகளின் அடிப்பக்கத்தைக் குத்தித் துளைத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் வீட்டுக்கு வந்தாள்.

மழை விடாமல் பெய்தது. கொஞ்ச நாளில் தூள் கட்டிபட்டு மண்ணெண்ணெய் நாறுகிறது என்று சனம் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. வீரகத்தி மிச்சத்தையும் இராசேஸ்வரியிடம் அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் காலை இராசேஸ்வரி ஒரு கிண்ணத்தில் அந்தத் தூளைக் கொண்டுவந்து நேசமலரின் குசினி வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, என்ரை வறுவல் பிழைச்சுப்போச்சோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. உங்களுக்குத்தான் தெரியும்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் இனிக் கோப்பிப்பக்கம் போகமாட்டாள். நேசமலர் தூளை விரலால் தொட்டாள். அந்த வறுவல் அவள் பழக்கியது. அதைப் பிழை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை.

"வறுவல் திறம். தாளிலை ஓட்டை இருந்தால் ஈரம் போகும்தானே."

இராசேஸ்வரி கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"தாளை நான் உங்களுக்குக் காட்டேல்லையே, அக்கா."

நேசமலர் அடுப்பை ஊதத் தொடங்கினாள். திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை.

இராசேஸ்வரி ஒருவருக்கும் சொல்லவில்லை. வீரகத்தியிடம்கூட எலி கடித்திருக்கும் என்றுதான் சொன்னாளாம். தை பிறக்கமுன் அவளுடைய சரைகள் திரும்பவும் கடைக்கு வந்து, முந்தியைவிட வேகமாக விற்றன. வழியில் கண்டால் எப்போதும்போல் சுகம் விசாரித்தாள். அவள் ஊரைக் கூட்டித் திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை பிடித்திருக்கலாம். அந்தப் பொறுமையும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று நேசமலருக்கு இன்னும் வயிறு எரிந்தது.